கொக்கட்டிச்சோலைக்கு எத்தனை பைட்? தமிழைத் தரவுத்தளத்தில் பத்திரமாக வைக்க ஒரு வழிகாட்டி

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடு, ரியூஷன் வகுப்பின் மாணவர் பட்டியல், பாமசியின் கடன் கணக்கு, கோயில் பரிபாலன சபையின் உபயகாரர் விபரம். எதைக் கணினிக்குள் கொண்டுவந்தாலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரே இடத்தில்தான் கால் இடறுகிறது. ஆங்கிலப் பெயர்கள் சொன்னபடி கேட்கும். தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசை கட்டி நிற்கும், இல்லையென்றால் ஐரோப்பிய எழுத்துக் குப்பை. முதல்முறையாகத் தமிழ்த் தரவை ஏற்றப் போகிறவருக்கும், யாரோ கெடுத்து வைத்ததைத் திருத்தித் தரும்படி கையில் வாங்கிக்கொண்டவருக்கும் இந்தக் கட்டுரை.

கட்டளைகள் இங்கே உச்சரிப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. நீங்கள் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பைட்டின் மதிப்பைப் பதினாறு இலக்கங்களால் எழுதும் ஹெக்ஸ் எண்களும் அப்படியே: ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகளும் அதில் இலக்கங்கள்.

தொடங்குமுன் ஒரேயொரு கணக்கு. கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப் பெயர் கண்ணுக்கு 8 எழுத்து. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் கணக்கில் அது 15 குறியீடு, ஏனென்றால் புள்ளி, கொம்பு, விசிறி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். குறியீடுகளைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். ஆக 45 பைட். இந்த 8, 15, 45 என்ற மூன்று எண்களையும் குழப்பிக்கொள்வதால் வருபவைதான் கீழேயுள்ள தொல்லைகளில் பாதி.

1. கை வைக்கும் முன் சேகரிக்க வேண்டியவை

தரவுத்தளம் எது, எந்தப் பதிப்பு என்று எழுதி வையுங்கள். மைஎஸ்கியூஎல் என்று எல்லோரும் சொல்வார்கள். எக்ஸ்ஏஎம்பிபி போட்ட லப்டொப்பில் உள்ளே இருப்பது பெரும்பாலும் மரியாடிபி. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் எல்லா விடயத்திலும் ஒத்துப்போகாது. "செலக்ட் வேர்ஷன்()" என்று கேட்டால் அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது காப்புப் பிரதி. ஒன்றல்ல, இரண்டு: ஒன்று எஸ்கியூஎல் ஏற்றுமதிக் கோப்பு, மற்றது தரவுத்தளச் சேவையை நிறுத்திவிட்டு எடுத்த தரவுக் கோப்புறையின் நேரடிப் பிரதி. ஏற்றுமதிக் கோப்பே குறியாக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வரக்கூடும். அப்போது கோப்புறைப் பிரதி மட்டும்தான் மிஞ்சும். இரண்டையும் வெளி ஹார்ட்டிஸ்க்கில் போட்டு அந்தக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

மூன்றாவது கடதாசி. உரிமையாளரிடம் பழைய பதிவேட்டையோ அச்சிட்ட பட்டியலையோ கேட்டு வாங்குங்கள். குறைந்தது 20 பெயர் சரியாக எப்படி இருக்க வேண்டும் என்று எழுத்தில் இல்லாமல் திருத்த வேலையைத் தொடங்காதீர்கள். திரையில் தெரிவது சரியா பிழையா என்று தரவுத்தளத்தைக் கேட்க முடியாது.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. மைஎஸ்கியூஎல் கம்யூனிட்டி, மரியாடிபி, போஸ்ட்கிரஸ், லிப்ரே ஒபிஸ் எல்லாம் இலவசம். செலவு என்றால் ஒரு ஹார்ட்டிஸ்க், ஒரு யூபிஎஸ். அட்டவணையை மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பரிசோதிக்கத் தேவையில்லை. யூபிஎஸ் இல்லையென்றால் லப்டொப்பில் பிரதி எடுத்து அதில் வேலையை முடியுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, மாற்றம் ஓடும்போது அட்டவணை பூட்டப்பட்டிருக்கும், பில் போட முடியாது. காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கக் கடை என்றால் வெள்ளி ஜும்மா நேரத்தை ஒட்டிக் கேளுங்கள். களுவாஞ்சிகுடிப் பக்கம் என்றால் ஞாயிறு பின்னேரம். சில ஆயிரம் வரிகளுக்குக் கணினியின் வேலை நிமிடக் கணக்குத்தான். சரிபார்ப்புத்தான் நாளைத் தின்னும்: ஒரு பெயருக்கு 10 விநாடி வைத்தாலும் 2,000 பெயருக்கு ஐந்தரை மணித்தியாலம்.

2. முதலில் ஹெக்ஸில் பாருங்கள்

திரையைப் பார்த்து மருந்து கொடுக்காதீர்கள். திரை, போன்ட், உலாவி, இணைப்பு என்று இடையில் நான்கு பேர் பொய் சொல்லலாம். பைட் பொய் சொல்லாது. சந்தேகமுள்ள நிரலை (அட்டவணையின் கொலத்தை) ஹெக்ஸ் என்ற சார்புக்குள் போட்டுக் கேளுங்கள்: "செலக்ட் பெயர், ஹெக்ஸ்(பெயர்), லெந்த்(பெயர்), கேர்_லெந்த்(பெயர்)". கூடவே "ஷோ கிரியேட் டேபிள்" போட்டு அந்த நிரலின் குறியாக்கம் என்னவென்று குறித்துக்கொள்ளுங்கள்.

'ம' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். சரியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அதன் ஹெக்ஸ்: ஈ0 ஏஈ ஏஈ. தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட் ஈ0, இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். மட்டக்களப்பு என்ற சொல்லுக்குக் கேர்_லெந்த் 12, லெந்த் 36 என்று வர வேண்டும். நிரலின் குறியாக்கமும் யூடிஎஃப்8 வகை என்றால் உங்கள் தரவு சுகம். கோளாறு வேறெங்கோ இருக்கிறது, படி 4க்குப் போங்கள்.

ஹெக்ஸ் ஈ0 ஏஈ என்று சரியாக இருந்து, நிரல் மட்டும் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) என்று இருந்தால் பைட்டுகள் சரி, பெட்டியின் மேலுள்ள லேபிள் பிழை. இதைத் திருத்துவது சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம்.

ஹெக்ஸ் சி3 ஏ0 சி2 ஏஈ என்று தொடங்கினால் இரட்டைக் குறியாக்கம். யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ லத்தீன் எழுத்து என்று நினைத்து இன்னொரு தடவை யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள். மட்டக்களப்புக்குக் கேர்_லெந்த் 36 என்று காட்டும். திரையில் இதற்கு ஒரு அடையாளம் உண்டு: தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்ற வணிகக் குறி. இந்தச் சோடி திரும்பத் திரும்ப வந்தால் அது தமிழ்தான், வேடம் போட்டிருக்கிறது. மீட்கலாம்.

3எஃப் 3எஃப் 3எஃப் என்று வந்தால் அது நிஜமான கேள்விக்குறி. எழுத்து சேமிக்கப்படவே இல்லை. ஈஎஃப் பிஎஃப் பிடி என்று வந்தால், கறுப்பு டயமண்டுக்குள் கேள்விக்குறியாகத் தெரிவது, அந்த எழுத்தும் போனதுதான். இந்த இரண்டுக்கும் மருந்து கிடையாது. பழைய காப்பைத் தேடுங்கள், இல்லையென்றால் கடதாசியைப் பார்த்துத் திரும்ப ரைப் பண்ணுங்கள். மீட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஈ0 எங்குமே இல்லாமல், சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மட்டும் இருந்தால் அது பாமினி என்ற பழைய போன்டில் அடித்தது. அதற்குத் தனியாகப் படி 6.

திரையில் வெறும் சதுரப் பெட்டிகள் தெரிந்து ஹெக்ஸ் சரியாக இருந்தால் தரவுத்தளத்தைத் தொடவே வேண்டாம். அந்தக் கணினியில் தமிழ் போன்ட் இல்லை, அவ்வளவுதான்.

3. புதிய அட்டவணையை அமைப்பது

மைஎஸ்கியூஎலில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் இருப்பது முழு யூடிஎஃப்-8 அல்ல. அது ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. நமது தமிழும் சிங்களமும் 3 பைட்டில் அடங்கிவிடுவதால் வருடக்கணக்கில் யாருக்கும் பிரச்சினை தெரிவதில்லை. ஒரு நாள் யாரோ தொலைபேசியிலிருந்து கைகூப்பும் இமோஜியை அனுப்புவார். அது 4 பைட். கண்டிப்புப் பயன்முறை இருந்தால் பிழை காட்டி நிற்கும். இல்லையென்றால் இமோஜியிலிருந்து பின்னால் உள்ள அத்தனையையும் சத்தமில்லாமல் வெட்டிவிடும், முகவரியில் பாதி காணாமல் போயிருக்கும். ஆகவே எப்போதும் 'யூடிஎஃப்8எம்பி4'.

மைஎஸ்கியூஎல் 8.0 இலிருந்து இதுவே இயல்பு. 5.7 இல் இயல்பு லத்தீன்1, அதனால் பழைய சேவரில் தரவுத்தளம், அட்டவணை, நிரல் மூன்றிலும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். "ஆல்டர் டேட்டாபேஸ்" கட்டளை இனி உருவாக்கப்போகும் அட்டவணைகளுக்கு மட்டுமே. ஏற்கெனவே உள்ள அட்டவணைகள் அசையாது. இதைச் செய்துவிட்டு "மாற்றியாச்சு" என்று போகிறவர்கள்தான் அதிகம்.

ஒப்பீட்டு விதிக்கு, அதாவது கொலேஷனுக்கு, 'யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ' போடுங்கள். 8.0 இன் இயல்பான '0900_ஏஐ_சிஐ' புதியது, நல்லது. ஆனால் அந்த ஏற்றுமதியை மரியாடிபியில் ஏற்றினால் பல பதிப்புகள் தெரியாத கொலேஷன் என்று மறுத்துவிடும். எதைப் போட்டாலும் எல்லா அட்டவணையிலும் ஒன்றையே போடுங்கள். கலந்து வைத்தால் இரண்டு அட்டவணையை இணைக்கும்போது சண்டை வரும்.

உங்கள் கொலேஷன் தமிழை எப்படி ஒப்பிடுகிறது என்பதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். 'மலர' என்பதும் 'மலர்' என்பதும் சமமா என்று ஒரு செலக்ட் போட்டுக் கேளுங்கள். 1 என்று பதில் வந்தால் அந்தக் கொலேஷன் உங்களுக்கு வேண்டாம்.

தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் போன்றவை தமிழ் நிரல்கள் அல்ல. அவற்றை ஆஸ்கி எழுத்து நிரலாக வையுங்கள். எண் வகையாக வைக்காதீர்கள்: பழைய அடையாள அட்டையில் 9 இலக்கத்தின் பின் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து வரும், புதியதில் 12 இலக்கம். 065, 063, 067 என்று தொடங்கும் நமது இலக்கங்களின் முன் பூச்சியமும் எண் வகையில் பறந்துவிடும்.

நிரலின் நீளம் அடுத்த பொறி. வார்கேர்(50) என்றால் மைஎஸ்கியூஎலிலும் போஸ்ட்கிரஸிலும் 50 குறியீடு. கொக்கட்டிச்சோலை மூன்று தடவை போகும். ஒரக்கிளில் இயல்பாக அது 50 பைட், ஒரு தடவைதான் போகும். மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேவரில், யூடிஎஃப்-8 கொலேஷன் இல்லாத வார்கேர் நிரலில் தமிழைப் போட்டால் கேள்விக்குறிதான், ஏனென்றால் அந்த நிரல் பயன்படுத்தும் பழைய விண்டோஸ் குறிப்பக்கங்களில் (எழுத்து அட்டவணைகளில்) தமிழுக்கென்று ஒன்று இல்லை. அங்கே என்வார்கேர் வேண்டும். அதோடு கட்டளைக்குள் எழுதும் ஒவ்வொரு தமிழ்ச் சரத்துக்கும் முன்னால், மேற்கோள் குறிக்கு வெளியே, பெரிய என் என்ற எழுத்து ஒட்டியிருக்க வேண்டும். நிரலைச் சரியாக வைத்துவிட்டு இந்த ஒற்றை எழுத்தை மறந்து நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வது வழக்கமான காட்சி.

மைஎஸ்கியூஎலின் இயல்பான சேமிப்பு முறையான இன்னோடிபியின் பழைய அட்டவணைகளில் சுட்டிக்கு (இண்டெக்ஸுக்கு) 767 பைட்தான் எல்லை. 3 பைட் கணக்கில் 255 எழுத்து 765 என்று அடங்கும். 4 பைட் கணக்கில் 1,020 ஆகி உடையும். நிரலை 191 ஆகக் குறைக்கலாம் (764 பைட்), அல்லது வரி வடிவத்தை டைனமிக் ஆக்கினால் எல்லை 3,072 வரை போகும். இரண்டாவதே நல்லது. தமிழ் முகவரியைச் சுருக்கச் சொல்லி மக்களிடம் கேட்க முடியாதே.

போஸ்ட்கிரஸில் வேலை குறைவு. உருவாக்கும்போது யூடிஎஃப்8 என்று சொன்னால் போதும். சொல்லாமல் வேறு குறியாக்கத்தில் உருவாக்கிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. ஏற்றுமதி செய்து, 'டெம்பிளேட்0' ஐ அடிப்படையாக வைத்துப் புதிதாக உருவாக்கி, திரும்ப ஏற்ற வேண்டும்.

4. இணைப்பு: தரவுத்தளமும் பயன்பாடும் ஒரே மொழி பேச வேண்டும்

அட்டவணை சரியாக இருந்தாலும், உங்கள் நிரல்மொழி தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பில் "நான் அனுப்புவது லத்தீன்1" என்று சொன்னால் இரட்டைக் குறியாக்கம் உண்டாகும். பிஎச்பியில் மைஎஸ்கியூஎல்ஐ என்றால் இணைத்தவுடன் 'செட்_கேர்செட்' சார்பை அழையுங்கள். பிடிஓ என்றால் இணைப்புச் சரத்திலேயே 'கேர்செட்' என்று எழுதி யூடிஎஃப்8எம்பி4 கொடுங்கள். சரிதானா என்று பார்க்க, அந்த இணைப்பிலிருந்தே "ஷோ வேரியபிள்ஸ் லைக் கேரக்டர்_செட்" கட்டளையைச் சதவீதக் குறியோடு ஓட்டுங்கள். கிளையன்ட், கனெக்ஷன், ரிசல்ட்ஸ் என்ற மூன்றும் யூடிஎஃப்8எம்பி4 என்று வர வேண்டும்.

இந்தப் பிழை ஏன் வருடக்கணக்கில் தெரியாமல் இருக்கிறது என்றால், எழுதுவதும் வாசிப்பதும் ஒரே பிழையான இணைப்பு. போகும்போது கெடுத்தது வரும்போது தானாக நேராகிவிடும். திரையில் தமிழ் அழகாகத் தெரியும். பிறகு யாராவது கைப்பேசிச் செயலி ஒன்றைச் சரியான அமைப்போடு இணைப்பார், உடனே குப்பை தெரியும். பழி புதிய ஆள் மேல் விழும். பழையதைச் செய்தவரிடமும் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள், ஹெக்ஸைக் காட்டுங்கள்.

பக்கத்தின் தலைப்பகுதியிலும் சேவர் அனுப்பும் தலைப்பிலும் யூடிஎஃப்-8 என்று இருக்கட்டும். விண்டோஸ் கறுப்புத் திரையிலிருந்து வேலை செய்தால் முதலில் 'சிஎச்சிபி 65001' அடியுங்கள். இருந்தும் அந்தத் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரியாமல் போகலாம், ஹெக்ஸை நம்புங்கள்.

ஜேசன் வடிவில் சேமிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பிஎச்பியின் 'ஜேசன்_என்கோட்' இயல்பாக ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் சாய்கோடு, யூ, நான்கு இலக்கம் என்று 6 எழுத்தாக விரித்து எழுதும். தரவு கெடுவதில்லை. ஆனால் அதை உரை நிரலில் போட்டு 'லைக்' கொண்டு தேடினால் ஒன்றும் அகப்படாது. விரிக்காமல் எழுதும் தெரிவு அதிலேயே உண்டு, அதைக் கொடுங்கள்.

5. கெட்டதைத் திருத்துவது

பைட் சரி, லேபிள் பிழை என்ற நிலைக்கு வழி இது. "ஆல்டர் டேபிள் மொடிஃபை" கொண்டு நிரலை முதலில் வார்பைனரி ஆக்குங்கள். பைனரிக்கு மொழி கிடையாது, அதனால் பைட்டுகளைத் தொடாது. பிறகு அதே நிரலை வார்கேர், யூடிஎஃப்8எம்பி4 என்று ஆக்குங்கள். இரண்டே கட்டளை. நேரடியாக "கன்வெர்ட் டு கேரக்டர் செட்" போட்டால் அது லேபிளை நம்பி பைட்டுகளை மாற்றி எழுதி, உங்களைக் கையோடு இரட்டைக் குறியாக்கத்தில் கொண்டுபோய் விடும். மொடிஃபை போடும்போது 'நொட் நல்', இயல்பு மதிப்பு போன்றவற்றையும் திரும்ப எழுதுங்கள். எழுதாதது அழிந்துபோகும்.

இரட்டைக் குறியாக்கத்துக்கு, உள்ளிருந்து வெளியே மூன்று படி: நிரலை லத்தீன்1 ஆக 'கன்வெர்ட்', அதைப் பைனரியாகக் 'காஸ்ட்', அதைத் திரும்ப யூடிஎஃப்8எம்பி4 ஆகக் 'கன்வெர்ட்'. முதலில் செலக்டில் போட்டு 20 பெயரைக் கடதாசியோடு ஒப்பிடுங்கள். பிறகுதான் அப்டேட். அப்டேட்டில் 'வேர்' நிபந்தனை இல்லாமல் ஓட்டவே கூடாது. சில வரிகள் கெட்டும் சில வரிகள் நல்லபடியும் கலந்திருக்கும். நல்ல தமிழ் வரிமேல் இதை ஓட்டினால் லத்தீனில் தமிழ் இல்லாததால் அத்தனையும் 3எஃப் ஆகிவிடும், நிரந்தரமாக. ஹெக்ஸில் சி3ஏ0சி2 உள்ள வரிகளை மட்டும் தெரிவு செய்யுங்கள். ஓட்டியபின் அதே நிபந்தனையில் மீண்டும் எண்ணிப் பாருங்கள். பூச்சியம் வர வேண்டும். ஹெக்ஸில் சி383சி2ஏ0 உள்ள வரிகள் மூன்று தடவை குறியாக்கப்பட்டவை, அவற்றுக்கு மட்டும் இதை இரண்டு முறை ஓட்டுங்கள்.

6. பாமினியில் ரைப் பண்ணிய பழைய பட்டியல்கள்

நமது பக்கத்தில் அச்சகம், பாடசாலை, சங்கம் எங்கே போனாலும் பழைய கோப்பு பாமினியில்தான் இருக்கும். பாமினி ஒரு போன்ட் மட்டுமே. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். போன்டை எடுத்துவிட்டால் தமிழும் போச்சு. தரவுத்தளத்தில் போன்ட் தகவல் கிடையாது, ஆகவே ஏற்றுவதற்கு முன்னாலேயே யூனிகோடாக மாற்ற வேண்டும்.

மாற்றிக் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. அவை எங்கே சறுக்கும் என்று தெரிந்து வையுங்கள்.

பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளி, 'இ' என்பது கால்புள்ளி. கொக்கட்டிச்சோலைக்குள் மூன்று அரைப்புள்ளி இருக்கிறது, இருதயபுரம் ஒரு கால்புள்ளியோடு தொடங்குகிறது. இப்படிப்பட்ட பட்டியலைச் சிஎஸ்வி (நிரல்களைக் கால்புள்ளியால் பிரிக்கும் உரைக் கோப்பு) ஆக்கினால் இருதயபுரத்தில் இருப்பவரின் முகவரி இரண்டாகப் பிளந்து பக்கத்து நிரலில் போய் உட்காரும். முதலில் எக்செலுக்குள்ளேயே மாற்றுங்கள், பிறகு சிஎஸ்வி.

முழுத் தாளையும் தெரிவு செய்து மாற்றாதீர்கள், நிரல் நிரலாகச் செய்யுங்கள். பாமினியில் பெரிய வி என்பது 'ஏ'. அடையாள அட்டை நிரலும் மாற்றிக்குள் போனால் 9 இலக்கத்தின் பின் 'ஏ' வந்து நிற்கும். ஆங்கிலப் பெயர்களும் அப்படியே சிதையும்.

பாமினியில் சிறிய எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. சிறிய ஜே 'த', பெரிய ஜே 'து'. பெரிய, சிறிய எழுத்தை வேறுபடுத்தாத கொலேஷனில் பாமினி உரையை வைத்தால் க வும் கு வும் ஒன்றாகிவிடும், "இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது" என்று ஏற்க மறுக்கும். எக்செலின் நகல் நீக்கும் பொத்தானும் இதையே செய்து ஆட்களைத் தூக்கிவிடும். மாற்றி முடியும்வரை அதை அழுத்தாதீர்கள்.

கொம்புகளின் வரிசையும் ஒரு தொல்லை. பாமினியில் கொம்பு, எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். தரம் குறைந்த மாற்றிகள் கொம்பை அனாதையாக விட்டுவிடும், அல்லது கொ என்பதைக் கொம்பு வேறு கால் வேறாக ஆக்கிவைக்கும். அது அடுத்த படியின் கதை.

7. ஒரே ஊர், இரண்டு எழுத்துக்கூட்டல்

'கொ' வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க வும் ஒகரக் குறியும் என்று 2 குறியீடு, அல்லது க, கொம்பு, கால் என்று 3 குறியீடு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பைட்டில் வேறு. கொக்கட்டிச்சோலையில் கொ, சோ இரண்டும் இருப்பதால் பிரித்து எழுதினால் 15 குறியீடு 17 ஆகும், 45 பைட் 51 ஆகும். ஒரக்கிளின் அந்த 50 பைட் நிரலில் ஒருவரின் ஊர் ஏற, பக்கத்து வீட்டுக்காரரின் ஊர் மறுக்கப்படும். தேடலிலும் ஒருவர் வருவார், மற்றவர் வரமாட்டார்.

தீர்வு என்எஃப்சி என்ற ஒழுங்காக்கம். சேமிக்கும் முன்னும், தேடும் சொல்லின் மேலும், இரண்டு இடத்திலும் ஓட்ட வேண்டும். பைதனில் 'யூனிகோட்டேட்டா' தொகுதி, பிஎச்பியில் 'இன்டல்' நீட்சியின் 'நோர்மலைசர்', ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் 'நோர்மலைஸ்', போஸ்ட்கிரஸ் 13 இலிருந்து தரவுத்தளத்துக்குள்ளேயே 'நோர்மலைஸ்'. கொலேஷன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.

என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. ஔவையாரை ஒ, ள என்று இரண்டெழுத்தாக அடிப்பது எழுத்துப்பிழை, அதைக் கண்டுபிடித்து மாற்றும் வேலை உங்களுடையது. ஸ்ரீ என்பதையும் இரண்டு வேறு முதலெழுத்தில் தொடங்கி எழுதலாம். எது என்று தீர்மானித்து ஒன்றாக்குங்கள். ஸ்ரீ யில் தொடங்கும் பெயர்கள் நம்மிடம் கொஞ்சமல்ல.

கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்கள் 200சி, 200டி என்ற இரண்டும் தமிழ்த் தட்டச்சுக் கருவிகளிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்து தேடலைக் குழப்பும். தமிழ் நிரலிலிருந்து துடைத்துவிடலாம். சிங்களப் பெயர் நிரலில் கை வைக்காதீர்கள். சிங்களத்தில் ரகர, யகரக் கூட்டெழுத்துகள் 200டி இல்லாமல் உடைந்துவிடும். அம்பாறையில் தமிழ், சிங்களம் இரண்டும் ஒரே அட்டவணையில் வரும் என்பதால் இரு பெயர்களுக்கும் தனி நிரல் வைப்பதே புத்தி.

8. எக்செலும் சிஎஸ்வியும்

எக்செலில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்ற தெரிவைத்தான் எடுக்க வேண்டும். அதன் அருகில் உள்ள சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறி. தரவுத்தளத்திலிருந்து எடுத்த சிஎஸ்வியை இருமுறை கிளிக் செய்து திறக்காதீர்கள். உள்ளீடு செய்யும் வழியாகப் போய் யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள். குப்பையாகத் தெரிந்த கோப்பை அப்படியே 'சேவ்' பண்ணிவிட்டால் அந்தக் குப்பை நிரந்தரம். லிப்ரே ஒபிஸ் திறக்கும்போதே குறியாக்கத்தைக் கேட்கும், இந்த வேலைக்கு அதுவே எனக்குப் பிடித்தது. தொலைபேசி நிரலை உரை என்று குறிக்கவும் அங்கேயே வழியுண்டு.

எக்செல் எழுதும் கோப்பின் தொடக்கத்தில் ஈஎஃப் பிபி பிஎஃப் என்று மூன்று பைட் ஒளிந்திருக்கும். உங்கள் மென்பொருள் முதல் நிரலின் பெயரை அடையாளம் காணவில்லை என்று சொன்னால் காரணம் அதுதான்.

9. அகரவரிசை

பைனரி வரிசையில் அடுக்கினால் ன வரிசை ந வுக்கு அடுத்தும், ற வரிசை ர வுக்கு அடுத்தும் வரும். ஜ நடுவில், ச வுக்குப் பிறகு நிற்கும். புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்களுக்குப் பின்னால் போய்விடும். அகராதி பார்த்துப் பழகியவர் உடனே பிழை பிடிப்பார். போஸ்ட்கிரஸில் 'டிஏ-எக்ஸ்-ஐசியூ' என்ற தமிழ்க் கொலேஷன் இருக்கிறது, வேலை முடிந்தது. மைஎஸ்கியூஎலில் தமிழுக்கென்று தனிக் கொலேஷன் இல்லை. சரியான வரிசை கட்டாயம் என்றால், ஒவ்வொரு எழுத்துக்கும் அகரவரிசை எண் கொடுத்து அதை ஒரு துணை நிரலில் சேமித்து, அந்த நிரலால் அடுக்குங்கள்.

10. காப்பெடுப்பதும், எஸ்எம்எஸ் செலவும்

மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற ஏற்றுமதிக் கட்டளையை ஓட்டும்போது இயல்புக் குறியாக்கம் யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். விண்டோஸின் பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பாதீர்கள். பழைய பவர்ஷெல் அதை யூடிஎஃப்-16 ஆக எழுதிவிடும், திரும்ப ஏற்றும் நாளில்தான் தெரியும். 'ரிசல்ட்-ஃபைல்' என்ற தெரிவால் கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

இடத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆளுக்கு 100 தமிழ்க் குறியீடு என்று 100,000 பேரைச் சேமித்தாலும் 30 மெகாபைட்தான். கையைக் கடிப்பது எஸ்எம்எஸ். தமிழ்ச் செய்தி ஒன்றுக்கு 70 குறியீடு. தாண்டினால் துண்டுக்கு 67 என்று பிரிந்து, துண்டு துண்டாகக் காசு எடுப்பார்கள். இந்தச் செய்தியைப் பாருங்கள்:

கொக்கட்டிச்சோலை: உங்கள் அங்கத்துவச் சந்தா ரூபா 500 நிலுவையில் உள்ளது.

இது 69 குறியீடு, ஒரு எஸ்எம்எஸ். ஊர்ப் பெயர் ஒழுங்காக்கப்படாமல் கொம்பும் காலுமாகப் பிரிந்து கிடந்தால் இதே செய்தி 71, இரண்டு எஸ்எம்எஸ். 1,000 அங்கத்தவருக்கு அனுப்பினால் 1,000 எஸ்எம்எஸ்ஸின் காசு வீண்.

ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை வரியை உள்ளே போடுங்கள்: கொக்கட்டிச்சோலை, ஔ, ஸ்ரீ, ரூபாய்க் குறி ௹, ஒரு சிங்களப் பெயர், ஓர் இமோஜி. அதைத் திரையில் அடித்துச் சேமித்து, தேடி எடுத்து, சிஎஸ்வியாக இறக்கி, காப்பெடுத்து, வேறொரு கணினியில் ஏற்றி, அங்கே ஹெக்ஸ் பாருங்கள். இரண்டு ஹெக்ஸும் ஓரெழுத்து மாறாமல் இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம்.